பரீட்சையில் தவறிய நர்ஸின் உத்தியோகம்

ஆடிப் பெருக்கன்று நம் சங்கத்தில் சித்திரான்ன விருந்து நடப்பது வழக்கம். தேங்காய்ச் சாதம் இன்னார் வீட்டிலிருந்து, எலுமிச்சைச் சாதம் இன்னார் வீட்டிலிருந்து என்று பல ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு நிலைபெற்றிருக்கிறது. 2024-ம் ஆண்டு புளியோதரை வரவேண்டிய வீட்டிலிருந்து அது வரவில்லை, வீட்டாரும் வரவில்லை. யாருக்கேனும் உடம்பு சுகமில்லையோ என்று எண்ணி, மறுநாள் மாலை நாம் அவ்வீட்டிற்குச் சென்றோம்.

வீட்டுக்காரர் ரெயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கலகலப்பானவர். அன்று நம்மைக் கண்டதும், "வாருங்கள் தம்பி" என்று சொன்னாரேயன்றி, அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மையார் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிறிது நேரம் கழித்துப் பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நம் கையில் கொடுத்தார். "தினமும் ஆபீஸ் கடிதங்களோடு பழகுகிறவர் நீங்கள். இதைப் படித்து, பெண்ணை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று மட்டும் சொல்லுங்கள். அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

அவருடைய மகள் கணவனோடு அமெரிக்காவில் குடியேறி, டெக்ஸாஸ் மாநிலத்தில் நர்ஸ் படிப்பை முடித்தவள். அந்த மே மாதம் பட்டம் பெற்று, ஜூனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். அந்தச் செய்தி வந்தபொழுது காலனி முழுவதற்கும் லட்டு வந்தது, நாமும் உண்டோம். ஜூலைக் கடைசியில் அவள் லைசென்ஸ் பரீட்சை எழுதினாள், தேறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைத் தகப்பனாருக்கும் அனுப்பியிருந்தாள். அதைத்தான் அவர் அச்செடுத்து வைத்திருந்தார்.

கடிதத்தில் இரண்டு பத்திகள் இருந்தன. முதற் பத்தி, நர்ஸ் என்ற முறையில் அவளுடைய நியமனம் இன்ன தேதியோடு முடிவடைகிறது என்று கூறியது. பெரியவர் அதற்கு மேல் படிக்கவில்லை. இரண்டாவது பத்தியில், அவள் விரும்பினால் நோயாளிகளைப் பேணும் உதவியாளராக அதே ஆஸ்பத்திரியில் தொடரலாம் என்றும், குறிப்பிட்ட நாளுக்குள் லைசென்ஸ் பெற்றால் அடுத்த பயிற்சிக் குழுவில் அவளைச் சேர்ப்பது பற்றி ஆலோசிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. நாம் அதைப் படித்துப் பொருள் சொன்னோம். அம்மையார் கதவோரத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு பத்திகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் சங்கத்துக் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டும் என்று அன்றே நமக்குத் தோன்றியது. நர்ஸ் படிப்பில் பெண்ணையோ பிள்ளையையோ சேர்த்திருக்கும் வீடுகள் நம்மிடையே ஒன்றிரண்டல்ல. அவர்களுள் பலர் அமெரிக்காவை நோக்கியிருக்கின்றனர். ஆகவே, விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே முறையாக எழுதுகிறோம்.

பரீட்சை எப்படிப்பட்டது?

நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை யாவரும் அறிந்ததே. கல்லூரியில் படித்துப் பல்கலைக்கழகத் தேர்வில் தேறியவர்கள், தத்தம் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகிறார்கள். கல்லூரித் தேர்வே பெருந்தேர்வு. அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே கல்லூரி கொடுக்கும் பட்டம், லைசென்ஸ் பரீட்சைக்கு உட்காரும் தகுதியை மட்டுமே தருகிறது. பட்டம் பெற்றவர் 'என்க்ளெக்ஸ்' என்று எல்லோரும் அழைக்கும் தேர்வில் தேறி, மாநில நர்ஸிங் போர்டிடமிருந்து லைசென்ஸ் பெற்ற பிறகே முழு நர்ஸ் ஆகிறார்.

மாநில போர்டுகள் ஒன்றுகூடி 1978-ல் அமைத்த தேசிய கவுன்சில் இப்பரீட்சையை நடத்துகிறது. 1994 முதல் இது கம்ப்யூட்டர் முன் அமர்ந்து எழுதும் தேர்வாக உள்ளது. ஒருவர் சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாக வரும். இவர் தேர்ச்சிக் கோட்டிற்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்பது நூற்றுக்கு 95 பங்கு உறுதிப்பட்டதும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். 2023 ஏப்ரலில் புதிய முறை வந்தது முதல் குறைந்த அளவு 85 கேள்விகள். அதிக அளவு 150. காலம் 5 மணி நேரம். 85-வது கேள்வியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதே என்று சிலர் வெளியில் வந்து அழுவதுண்டு. அதில் பொருளில்லை. நன்றாக எழுதியவருக்கும் அங்கேயே நிற்கும். மோசமாக எழுதியவருக்கும் அங்கேயே நிற்கும்.

அமெரிக்காவில் படித்து முதன்முறை எழுதுபவர்களில், பதிவு பெற்ற நர்ஸுக்கான இத்தேர்வில் 2023-ல் நூற்றுக்கு 88 பேருக்கு மேலும், 2024-ல் ஏறத்தாழ 91 பேரும் தேறினர். பத்தில் ஒன்பது பேர் தேறும் பரீட்சை என்பதால், தவறியவர் தம்மை ஒருவரே உலகில் தவறியவர் போல் எண்ணிக் குன்றிப்போகிறார். ஆனால் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டோர் எழுதும் தேர்வில் பத்தில் ஒருவர் என்றால், ஆயிரக்கணக்கானவர்கள் அல்லவா? அவர்களுக்கென்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஏதேனும் ஒரு விதி முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதியைத் தெரிந்துகொள்வதே முதற் காரியம்.

பரீட்சைக்கு முன்பே வேலை எப்படி?

பெரியவர் கேட்ட கேள்வி இதுதான்: "லைசென்ஸ் இல்லாதவளுக்கு முதலில் வேலை எப்படிக் கொடுத்தார்கள் தம்பி?"

அங்குள்ள ஆஸ்பத்திரிகள், பட்டம் பெறப்போகும் மாணவிகளைப் படிப்பு முடியுமுன்னரே தேர்ந்தெடுத்துக் குழுக் குழுவாகச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு மூத்த நர்ஸின் மேற்பார்வையில் சில மாதங்கள் பயிற்சி நடக்கும். லைசென்ஸ் வரும்வரை இடைக்காலத்தில் வேலை செய்வதற்காகச் சில மாநிலங்கள் தற்காலிக அனுமதிச் சீட்டுக் கொடுக்கின்றன. டெக்ஸாஸில் அதன் ஆயுள் 75 நாட்கள். கலிபோர்னியாவில் 6 மாதம் வரை. நியூயார்க்கிலும் பென்ஸில்வேனியாவிலும் ஓராண்டு வரை. வேறு சில மாநிலங்களில் இத்தகைய சீட்டே கிடையாது. அங்கே லைசென்ஸ் வந்த பின்னரே நர்ஸ் வேலை தொடங்கும்.

இந்தச் சீட்டில் ஒரு நிபந்தனை உண்டு. காலம் எத்தனை மீதமிருந்தாலும், பரீட்சையில் தவறிய செய்தி வந்ததும் சீட்டு செல்லாததாகிவிடும். நியூயார்க்கில் மட்டும் செய்தி கிடைத்த பிறகு 10 நாள் அவகாசம் உண்டு. டெக்ஸாஸ், கலிபோர்னியா, பென்ஸில்வேனியா ஆகியவற்றில் அதுவும் இல்லை. நேற்று வரை ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண் இன்று மருந்து அலமாரியைத் திறக்கக்கூடாது. திறந்தால் லைசென்ஸ் இன்றித் தொழில் நடத்திய குற்றம் அவளையும் சேரும், அனுமதித்த ஆஸ்பத்திரியையும் சேரும்.

ஆகவே, பரீட்சையில் தவறியவர் உடனே இழப்பது அனுமதியைத்தான். இது சட்டத்தின் காரியம். ஆஸ்பத்திரி அதிகாரி நல்லவராயினும் பொல்லாதவராயினும் இதில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வேலை என்பது வேறு. அது ஆஸ்பத்திரிக்கும் ஊழியருக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம். அனுமதி போனதும் வேலையும் தானாகவே போய்விட வேண்டும் என்ற நியதி இல்லை. முதற் பத்திக்கும் இரண்டாவது பத்திக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆஸ்பத்திரிகள் என்ன செய்கின்றன?

ஆஸ்பத்திரிகள் நடந்துகொள்ளும் விதம் நான்கு வகைப்படும்.

முதலாவது, தள்ளிவைத்தல். வேலையில் இன்னும் சேராதவராயின், சேரும் தேதியை அடுத்த குழுவிற்கு மாற்றுவார்கள். பல இடங்களில் ஆண்டுக்குச் சில முறை குழுக்கள் தொடங்குவதால், சில மாதக் காத்திருப்போடு காரியம் முடிந்துவிடலாம்.

இரண்டாவது, இறக்கிவைத்தல். நோயாளிகளைக் குளிப்பாட்டுதல், நடத்திச் செல்லுதல், நாடி பார்த்துக் குறித்தல் போன்ற பணிகளைச் செய்யும் உதவியாளராக வைத்துக்கொள்வார்கள். வேலை நிலைக்கும், சம்பளம் நிலைக்காது. அமெரிக்க சர்க்காரின் 2023 மே மாதக் கணக்குப்படி, பதிவு பெற்ற நர்ஸின் நடுத்தரமான ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். உதவியாளருடையது 38,200 டாலர். பாதிக்கும் குறைவு.

மூன்றாவது, சம்பளமில்லா விடுப்பு. மறுமுறை எழுதித் தேறும்வரை வீட்டிலிருக்கச் சொல்வார்கள். பெயர் ஏட்டில் இருக்கும், பணம் வராது.

நான்காவது, நீக்குதல். இன்ன தேதிக்குள் லைசென்ஸ் பெற வேண்டும் என்பது நியமனக் கடிதத்தின் நிபந்தனையாயிருந்தால், தேதி கடந்ததும் நியமனம் ரத்தாகிவிடும். சில இடங்களில் ஒரு வாய்ப்பே. சில இடங்களில் இரண்டு. நீக்கும்பொழுதும், பிற்காலத்தில் மறுபடி விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர் என்று ஏட்டில் குறிப்பது பல இடங்களில் உண்டு. அப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இங்கே நம் ரெயில்வே வழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. எஞ்சின் ஓட்டும் ஊழியர் ஒருவர் கண் பரிசோதனையில் தவறினால், அவரை அன்றைக்கே எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. வண்டியில் இருப்பவர்களின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அவருடைய உத்தியோகம் போய்விடுவதில்லை. வேறு தகுந்த இடத்தில் அமர்த்த வேண்டும் என்பது இங்கே விதி. அப்படி எஞ்சினிலிருந்து இறங்கி வந்து ஆபீஸில் அமர்ந்தவர்களை நாம் அறிவோம். பெரியவரும் அறிவார். "அப்படியென்றால் இவளையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களா?" என்று அவர் கேட்டபொழுதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. இங்கே மாற்றிடம் கொடுப்பது உரிமை. அங்கே அது ஆஸ்பத்திரியின் விருப்பம். மான்டானா ஒன்றைத் தவிர மற்ற மாநிலங்களிலெல்லாம், தனி ஒப்பந்தமோ சங்க உடன்பாடோ இல்லாத ஊழியரை, சட்டம் விலக்கிய காரணங்கள் தவிர வேறெக்காரணத்திற்காகவும், காரணம் சொல்லாமலுங்கூட, நீக்கலாம் என்பதே பொது வழக்கு. ஆகவே இரண்டாவது பத்தி எல்லாக் கடிதங்களிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

மௌனத்தால் வரும் கேடு

நம் நண்பரின் மகள் செய்த நற்காரியம் ஒன்று உண்டு. முடிவு தெரிந்த காலையிலேயே, டியூட்டிக்குப் புறப்படுமுன், தன் மேலதிகாரியான பெண்மணிக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாளாம். அந்த அம்மாள், "இன்று வார்டுக்கு வரவேண்டாம், ஆபீஸுக்கு வா" என்றாராம். அங்கே பேசி முடித்த ஏற்பாடுதான் கடிதத்தின் இரண்டாவது பத்தி.

அவள் வெட்கப்பட்டு மறைத்து, இரண்டு நாள் வழக்கம்போல் வேலை செய்திருந்தாளானால் என்ன ஆகியிருக்கும்? போர்டின் ஏடுகளை ஆஸ்பத்திரிகள் நேரிலேயே பார்க்க முடியும், மறைக்க வழியில்லை. செல்லாத சீட்டோடு நோயாளிக்கு மருந்து கொடுத்தவள் என்ற குற்றம் அவள் பெயரில் நின்றிருக்கும். பரீட்சையை மறுபடி எழுதலாம். அந்தக் குற்றத்தைத் துடைப்பது எளிதன்று. பின்னால் லைசென்ஸ் கேட்கும்பொழுது போர்டு அதை எடுத்துக் கேட்கும். பரீட்சையில் தோற்றவர்களுக்கு வேலை தப்புவதுண்டு. மறைத்தவர்களுக்குத் தப்புவது அரிது.

உடனே கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வேலையில் சேர்ந்ததற்காக முன்பணம் வாங்கியிருந்தால், அதைத் திருப்பித் தர வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். வைத்திய இன்ஷ்யூரன்ஸ் அங்கே பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே வருகிறது; வேலை போனால் அதுவும் போகும். இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில், முழுத் தொகையையும் தாமே கட்டினால் சாதாரணமாக 18 மாதம் வரை தொடரச் சட்டத்தில் வழியுண்டு. சர்க்காரிடம் படிப்புக் கடன் வாங்கியவர்கள் பட்டம் பெற்று ஆறு மாதம் கழிந்ததும் தவணை கட்டத் தொடங்க வேண்டும். பரீட்சை தவறியது அதற்குச் சாக்காகாது. குடும்பத்தார் ஒரு தாளில் இக்கணக்குகளை எழுதிப் பார்த்துக்கொண்டால், எத்தனை மாதம் தாங்கலாம் என்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பயம் குறையும்.

மறுமுறை எழுதுவது

முதன்முறை தவறியவர் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். தேசிய கவுன்சிலின் விதிப்படி ஓராண்டில் எட்டு முறை வரை எழுத இடமுண்டு. ஆனால் மாநிலங்கள் தத்தம் எல்லையை வகுத்திருக்கின்றன. டெக்ஸாஸில் பட்டம் பெற்ற நான்கு ஆண்டுக்குள் தேற வேண்டும். புளோரிடாவில் மூன்று முறை தவறியவர், போர்டு ஒப்புக்கொண்ட சீர்திருத்தப் படிப்பு ஒன்றை முடித்த பின்னரே நான்காம் முறை உட்காரலாம். ஒவ்வொரு முறையும் போர்டிற்கு விண்ணப்பமும், பரீட்சைக்கு 200 டாலர் கட்டணமும் புதிதாகச் செலுத்த வேண்டும்.

தவறியவருக்கு ஓர் அறிக்கை வரும். எந்தெந்தப் பகுதியில் தேர்ச்சிக் கோட்டிற்கு மேலே, எதில் அருகில், எதில் கீழே என்று அது காட்டும். பலர் வெறுப்பினால் அதைப் பிரித்துப் பார்ப்பதேயில்லை. அது வைத்தியர் கொடுத்த சோதனைச் சீட்டைப் போன்றது. எங்கே நோய் என்று சொல்லும் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மருந்து சாப்பிடுவதால் என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுமுறை எழுதுபவர்களின் தேர்ச்சி முதன்முறை எழுதுபவர்களைப் போல் இராது. அமெரிக்காவில் படித்தவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் மறுமுறைகளில் தேறுகிறார்கள். 45 நாள் கழித்து எழுதலாம் என்பதனால், 45-ம் நாளே எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆறு மாதம், ஓராண்டு என்று நீட்டுவதும் தவறு. படித்தது மங்கிப்போகும், ஆஸ்பத்திரி கொடுத்த தவணையும் கடந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நாளைக் குறிப்பதே விவேகம்.

நம் நண்பரின் மகளின் அறிக்கையில், மருந்துகளைப் பற்றிய பகுதி கோட்டிற்குக் கீழே இருந்தது. பகலில் உதவியாளர் வேலை. நேற்றுவரை உடன் பயிற்சி பெற்ற தோழிகள் நர்ஸாக வலம்வரும் அதே வார்டில், அவர்கள் சொல்வதைக் கேட்டுப் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது என்று அவள் தாயாரிடம் சொன்னாளாம். இரவில் மூன்று மணி நேரம் மருந்துப் பகுதியை மட்டும் படித்தாள். கணவர் சமையலையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டார். அவளை உயர்த்திய காரியங்களில் அதற்கும் பங்குண்டு என்று நாம் எழுதாமல் விடக்கூடாது.

குறுக்கு வழி

தவறியவர்களை நாடி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. கேள்விகள் கைவசம் இருக்கின்றன என்பார்கள்; பணம் கட்டினால் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் அதிகாரிகள் வெளியிட்ட ஒரு வழக்கை இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். புளோரிடாவிலிருந்த மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரால் 7,600-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டன என்று 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அப்படி வாங்கியவர்களில் லைசென்ஸும் பெற்று வேலையில் அமர்ந்திருந்தவர்கள்மீது பல மாநில போர்டுகள் நடவடிக்கை எடுத்தன. ஒரு முறை தவறியவருக்கு நாளை வேலை உண்டு. இந்த வழியில் போனவருக்கு அது இல்லை.

இங்கிருந்து போகிறவர்களுக்கு

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் இங்கேயே பட்டம் பெற்று, இங்கேயே ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக்கொண்டு அமெரிக்கா செல்ல முயல்கிறார்கள். அவர்கள் நிலை சற்று வேறு. இப்பரீட்சையைச் சென்னை, பெங்களூரு, மும்பை, டில்லி முதலிய நகரங்களிலேயே எழுதலாம். வழக்கமான கட்டணத்தின் மேல் 150 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். தேறிய பிறகே விசாவுக்கான மற்றக் காரியங்கள் நிறைவேறும். ஆகவே அவர்கள் தவறினால் கையிலுள்ள வேலை போவதில்லை. வரவிருந்த வேலை தள்ளிப்போகிறது.

ஆனால் கையிலுள்ள வேலையைத் தாமே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிப்பதற்கென்று ராஜிநாமா செய்வதும், நியமனக் கடிதம் வந்துவிட்டது என்று வீட்டை விற்று ஏஜண்டிடம் கட்டுவதும் நாம் கண்டவை. வெளிநாட்டு நியமனக் கடிதம் எதுவாயினும், 'லைசென்ஸ் பெறும் பட்சத்தில்' என்ற சொற்கள் அதில் எங்கேனும் இருக்கும். அச்சொற்கள் இருக்கும்வரை அது வாக்குறுதிதான்; உத்தியோகமாகிவிடாது. விடுமுறை எடுத்துப் படிக்கலாம். டியூட்டியை மாற்றிக்கொண்டு படிக்கலாம். லைசென்ஸும் விசாவும் கைக்கு வருமுன் இருக்கிற வேலையை விடலாகாது.

கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்டு, எழுத்திலே பதில் வாங்க வேண்டும். பரீட்சையில் தவறினால் எத்தனை வாய்ப்பு, எத்தனை நாளுக்குள்? அதுவரை இந்த இடம் காத்திருக்குமா? ஒப்பந்தம் முறிந்தால் யார் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? வாயால் சொன்ன பதில் ஆபீஸ் கோப்பில் நிற்காது என்பது குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டார் கடமை

நாம் ஊரை விட்டு வந்து பிழைக்கிற ஜனங்கள். பெண்ணின் நியமனச் செய்தி வந்ததும் காலனியெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். அது நம் சந்தோஷம், அதில் தவறில்லை. ஆனால் அந்த இனிப்பே பிறகு பெற்றோரின் வாயைக் கட்டிவிடுகிறது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று விருந்துக்குக்கூட வராமல் வீட்டிற்குள் அடைந்துவிடுகிறார்கள். பெற்றோர் ஊருக்கு மறைக்க, பெண் பெற்றோருக்கு மறைக்கத் தொடங்குகிறாள். பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு மறைக்கவும் துணிந்துவிட்டால், நாம் மேலே சொன்ன கேடு வந்துசேரும். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி நம்மிடமே இருக்கிறது.

தவறிய பெண்ணிடம் "ஏன் தவறினாய்?" என்று கேட்பதில் பயனில்லை, அறிக்கையே அதைச் சொல்லிவிடும். "கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? எந்தத் தேதி வரை அவகாசம்? மாதம் எவ்வளவு குறைகிறது?" என்று கேட்பதில் பயனுண்டு. லைசென்ஸ் வந்த பின்னர், எத்தனையாவது முறையில் தேறினார் என்று அதில் எழுதுவதில்லை. நோயாளியும் கேட்பதில்லை.

நாம் சென்று வந்த அன்றிரவே பெரியவர் மகளோடு பேசினார். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை. செப்டம்பர் மத்தியில் அவள் மறுமுறை எழுதித் தேறினாள். பழைய இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. குழந்தைகள் வார்டில் சேரவே அவள் ஆசைப்பட்டிருந்தாள். அவ்விடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பொது நோயாளிகள் வார்டில் இரவு டியூட்டி கிடைத்தது. சம்பளம் நர்ஸின் சம்பளம்.

அந்த நவராத்திரியில் சங்கத்துக் கொலுவிற்கு அம்மையார் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்தார். ஒருத்தி, "உங்கள் பெண் நர்ஸ் வேலையில்தானே இருக்கிறாள்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அம்மையார் சற்றும் தயங்காமல், "முதல் தடவை பரீட்சை தவறிப்போயிற்று. இரண்டு மாதம் உதவியாளாக இருந்தாள். இப்போது நர்ஸ்தான்" என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த மற்றொரு அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, தம் மருமகளும் இரண்டு தடவை எழுதிவிட்டு வெளியில் சொல்லாமல் இருப்பதாகவும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

இக்கட்டுரையை அந்த இரண்டாவது வீட்டிற்காகவே எழுதினோம். இன்னும் அப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே இருக்குமானால், கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வரட்டும். கூடி உட்கார்ந்து இரண்டாவது பத்தியையும் படிப்போம்.